டஜன்: வாலில் எஸ் முளைத்தால் கணக்கு மாறும்

டஜன் என்றால் பன்னிரண்டு, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. வளையல் கடையில் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த சொல் என்பதால், ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே நினைப்பில் எழுதிவிடுகிறோம். தமிழில் 'ரெண்டு டஜன் வளையல்' என்றால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சொல்லின் கடைசியில் எஸ் வந்தால் ஒரு பொருள், வராவிட்டால் வேறு பொருள், நடுவில் 'ஆஃப்' போட வேண்டிய இடமும் உண்டு, போடவே கூடாத இடமும் உண்டு.

நான் இருப்பது திருப்பூரில், பனியன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில். புதிதாக மெர்ச்சன்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டரை முன்னின்று கவனிக்கும் வேலைக்கு, வருகிற பிள்ளைகள் பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, எழுதும் மெயிலை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. இலக்கணப் பிழையைக்கூட பையர் பொறுத்துக்கொள்வார், எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் பொறுக்க மாட்டார். அதனால் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, எந்த வரிசையில் கற்றுக்கொண்டால் சீக்கிரம் பிடிபடுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். ஆடைத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் நடுவில் வரும் ஆர்டர் கணக்கைத் தாண்டிப் போய்விடலாம், மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொதுதான்.

முதலில் உச்சரிப்பை ஒரு வரியில் முடித்துவிடுவோம். டஜனில் இருக்கும் 'ஜ' நாம் போட்டுக்கொண்டது. ஆங்கிலக்காரர் வாயில் அங்கே வருவது இசட் ஒலி, 'ஸீப்ரா'வின் முதல் எழுத்தைப் போல. எழுதும்போது டி, ஓ, இசட், இ, என். ஒரே ஒரு இசட்தான்.

முதல் படி: எஸ் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முன்னால் ஓர் எண் நின்றால் டஜனுக்கு எஸ் கிடையாது. 'டூ டஜன் ஷர்ட்ஸ்', 'ஃபைவ் டஜன் எக்ஸ்', 'ஃபார்ட்டி டஜன்'. சட்டைக்கு எஸ் உண்டு, முட்டைக்கு எஸ் உண்டு, டஜனுக்குக் கிடையாது. 'டூ டஜன்ஸ் ஷர்ட்ஸ்' என்று எழுதினால் தப்பு, 'டூ டஜன்ஸ் ஆஃப் ஷர்ட்ஸ்' என்று எழுதினாலும் தப்புதான். இது டஜனுக்கு மட்டும் உள்ள விதி இல்லை. நூறுக்கு 'டூ ஹண்ட்ரட்', ஆயிரத்துக்கு 'த்ரீ தௌசண்ட்' என்கிறோமே, அங்கேயும் எஸ் போடுவதில்லை. டஜனும் அந்தக் குடும்பத்து ஆள். எண்ணாகவே நடந்துகொள்கிற சொல்.

எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு சொல் வந்து உட்கார்ந்தாலும் இதே விதிதான். 'எ ஃபியூ டஜன்', 'செவரல் டஜன்', 'ஹவ் மெனி டஜன்'. நம் ஊர் மெயில்களில் 'ஃபியூ டஜன்ஸ் ஆஃப் பீசஸ்' சர்வசாதாரணமாக வரும். அதை 'எ ஃபியூ டஜன் பீசஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த 'எ' முக்கியம், அதை விட்டுவிட்டால் 'கொஞ்சம்தான், அதிகம் இல்லை' என்ற தொனி வந்துவிடும்.

இனி எஸ் வரும் இடம். முன்னால் எண் எதுவும் இல்லாமல் 'டஜன்ஸ் ஆஃப்' என்று ஆரம்பித்தால் அங்கே பன்னிரண்டு என்ற கணக்கே போய்விட்டது. 'ஏகப்பட்ட', 'நிறைய' என்கிற அளவில்தான் பொருள். 'டஜன்ஸ் ஆஃப் பீப்புள்' என்றால் இத்தனை பேர் என்று வரையறை கிடையாது. சொல்லின்படி பார்த்தால் இருபத்துநாலுக்குக் குறையக் கூடாது, நூறைத் தாண்டினால் 'ஹண்ட்ரட்' என்ற சொல்லே வந்துவிடும், நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். செய்திகளில் விபத்தோ போராட்டமோ நடந்து சரியான எண்ணிக்கை இன்னும் கைக்கு வராதபோது இந்தச் சொல்லைப் பார்க்கலாம். இன்னும் அழுத்த வேண்டும் என்றால் 'டஜன்ஸ் அண்ட் டஜன்ஸ்' என்று இரட்டித்துச் சொல்வார்கள்.

ஆகவே எஸ் இல்லாத டஜன் எண்ணிக்கை, எஸ் போட்ட டஜன் மிகைப் பேச்சு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'வீ ஃபவுண்ட் டஜன்ஸ் ஆஃப் டேமேஜ் பீசஸ்' என்று பையருக்கு எழுதுவீர்களா? இருபத்தாறு பீஸில் ஊசி ஓட்டை இருந்திருக்கும், இந்த வாக்கியத்தைப் படிப்பவருக்கு ஒரு லாட்டே போய்விட்டது போல இருக்கும். இருபத்தாறு என்று எழுதிவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார், நாமும் இருக்கலாம். வியாபார மெயிலில் எஸ் போட்ட டஜனுக்கு வேலையே இல்லை என்பது என் கட்சி.

ஒரே ஒரு விதிவிலக்கு. 'பேக்ட் இன் டஜன்ஸ்' என்றால் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டியது. இங்கே எஸ் இருந்தும் கணக்கு கறாரானதுதான். பின்னால் 'ஆஃப்' வராததை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் படி: 'ஆஃப்' எங்கே வரும்

'எ பாக்ஸ் ஆஃப்', 'எ கிலோ ஆஃப்', 'எ கப் ஆஃப்' என்று படித்துப் பழகிய கை தானாகவே 'எ டஜன் ஆஃப் எக்ஸ்' என்று எழுதிவிடும். பெட்டி ஒரு பொருள், கிலோ ஓர் அளவு, அவற்றுக்கு 'ஆஃப்' தேவை. டஜன் எண் போல நடந்துகொள்ளும் என்று பார்த்தோமே, 'டென் ஆஃப் எக்ஸ்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள் இல்லையா, அதனால் 'எ டஜன் எக்ஸ்' போதும்.

குறிப்பிட்ட ஒரு கூட்டத்திலிருந்து பன்னிரண்டை எடுத்தால் மட்டும் 'ஆஃப்' வரும். மேசையில் சாம்பிள் குவிந்து கிடக்கிறது, அதில் பன்னிரண்டை எடுத்துக் கொரியரில் அனுப்பச் சொல்கிறார் பையர் என்றால் 'சென்ட் மீ எ டஜன் ஆஃப் தீஸ்' அல்லது 'எ டஜன் ஆஃப் தெம்'. 'இவற்றில்', 'அவற்றில்' என்று தமிழில் சொல்ல வருகிற இடத்தில் போடுங்கள், மற்ற இடத்தில் விட்டுவிடுங்கள். எஸ் போட்ட டஜனுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் மட்டும் எப்போதும் 'ஆஃப்' ஒட்டிக்கொண்டே வரும்.

மூன்றாம் படி: அரை டஜன்

'ஹாஃப் எ டஜன்' என்று சொல்லலாம், 'எ ஹாஃப் டஜன்' என்றும் சொல்லலாம். முதலாவது எல்லா ஊரிலும் செல்லும், இரண்டாவது அமெரிக்காவில் அதிகம் கேட்கும். 'ஐ வாண்ட் ஹாஃப் டஜன் எக்ஸ்' என்று 'எ' இல்லாமல் எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். விலைச்சீட்டிலோ பெட்டி லேபிளிலோ அப்படி இருந்தால் சரி, வாக்கியத்துக்குள் வரும்போது 'எ' வேண்டும்.

ஒன்றரை டஜன் என்று நாம் வாய் நிறையச் சொல்வதை அவர்கள் பெரும்பாலும் 'எய்ட்டீன்' என்று முடித்துக்கொள்வார்கள். 'ஒன் அண்ட் எ ஹாஃப் டஜன்' தப்பில்லை, கேட்கக் கொஞ்சம் சுற்றி வளைத்தது போல இருக்கும், அவ்வளவுதான்.

நான்காம் படி: சரியாகப் பன்னிரண்டா, சுமாராகவா?

எஸ் இல்லாத டஜன் எண்ணிக்கை என்றேன். அதிலும் இடம் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. விலையோடு வந்தால் பன்னிரண்டு, ஒன்று கூடாது குறையாது. அமெரிக்காவில் முட்டை விலையைப் பற்றிய செய்தி எதைப் படித்தாலும் அது டஜன் விலைதான். 2025 மார்ச்சில் அங்கே சராசரி முட்டை விலை 6.23 டாலருக்குப் போனபோது நம் ஆட்கள் சிலர் ஒரு முட்டைக்கா என்று வாயைப் பிளந்தார்கள். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு முட்டை 52 சென்ட். நாமக்கல்லில் ஒரு முட்டைக்கு இத்தனை ரூபாய், இத்தனை காசு என்று சொல்லிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வகுத்தல் கொஞ்சம் புதிது. கடையில் நாம் பார்க்கும் முட்டை அட்டையும் முப்பது குழி கொண்டது, டஜன் கணக்கோடு ஒட்டாது.

பேச்சில் வந்தால் அதே சொல் தளர்ந்துவிடும். 'தேர் வேர் எ டஜன் பீப்புள் இன் த ரூம்' என்று ஒருவர் சொன்னால் அவர் தலையை எண்ணியிருக்கத் தேவையில்லை. பதினொன்றாக இருக்கலாம், பதினான்காக இருக்கலாம். தமிழில் நாம் 'பத்துப் பன்னிரண்டு பேர்' என்று சொல்கிற இடம் அது. 'ஹாஃப் எ டஜன் டைம்ஸ்' கூப்பிட்டேன் என்பதும் அப்படியே, நம் 'அஞ்சாறு தடவை'. இந்தத் தளர்ச்சியை வெளிப்படையாகக் காட்ட வேண்டுமானால் 'அபவுட் எ டஜன்' அல்லது 'எ டஜன் ஆர் ஸோ'. குறைந்தது பன்னிரண்டு என்று அழுத்த 'எ குட் டஜன்'. இங்கே 'குட்' என்றால் நல்ல என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வினைச்சொல் ஒருமையா பன்மையா என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக நினைத்தால் பன்மை: 'எ டஜன் ஷர்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்'. மொத்தமாக ஒரு கட்டாகவோ ஒரு தொகையாகவோ நினைத்தால் ஒருமை: 'எ டஜன் இஸ் இனஃப்'. தயக்கமாக இருந்தால் பன்மையைப் போடுங்கள், பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும்.

ஐந்தாம் படி: ஆர்டரிலும் இன்வாய்ஸிலும்

இங்கேதான் பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஐரோப்பிய பையர்கள் பெரும்பாலும் பீஸ் கணக்கில் பேசுவார்கள். அமெரிக்கப் பக்கம் டஜன் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுடைய சுங்க வரிப் பட்டியலில் டி-ஷர்ட்டுக்கு எதிரே அளவு என்ற கட்டத்தில் டஜன், கிலோ இரண்டும் நிற்கும். ஒரு நாட்டிலிருந்து இவ்வளவுதான் வரலாம் என்று வரம்பு வைக்கும் கோட்டா 2004 கடைசி வரை நடைமுறையில் இருந்தது, அந்தக் காலத்திலும் டி-ஷர்ட்டுக்கு எத்தனை டஜன் ஏற்றலாம் என்றுதான் அமெரிக்கக் கணக்கு. அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் தொழிலில் இருப்பதால் பேச்சிலும் டஜன் தங்கிவிட்டது. நிட்டிங் பக்கம் துணித் தேவையைக் கணக்குப் போடுவதும் டஜனுக்கு இத்தனை கிலோ என்றுதான். ஒரு டஜனுக்கு 2.1 கிலோ என்றால் ஒரு பீஸுக்கு 175 கிராம்.

மெயிலில் 'ப்ளீஸ் கோட் பெர் டஜன்' என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கோட்டேஷன் ஷீட்டில் யூனிட் என்ற கட்டம். ஒரு பீஸ் இரண்டரை டாலர், டஜன் 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலையை மட்டும் மாற்றிவிட்டு யூனிட்டைப் 'பீஸ்' என்றே விட்டுவிட்டால் ஒரு பனியன் 30 டாலர் ஆகிவிடும். மாறாக யூனிட்டை மாற்றி விலையை விட்டுவிட்டால் ஒரு டஜனை இரண்டரை டாலருக்குக் கொடுக்கிறோம் என்று பொருள். முதலாவதைப் பார்த்து பையர் சிரிப்பார், இரண்டாவதைப் பார்த்து உடனே ஆர்டர் போடுவார்.

அடுத்தது ரவுண்டிங். டஜன் 31 டாலர் என்று ஒப்புக்கொண்டீர்கள், ஆர்டர் 4,000 டஜன், மொத்தம் 1,24,000 டாலர். இன்வாய்ஸ் போடுபவர் பீஸ் விலைக்கு மாற்றுகிறார்: 31-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 2.5833 என்று போய்க்கொண்டே இருக்கும், அவர் 2.58 என்று வெட்டுகிறார். 48,000 பீஸை 2.58-ஆல் பெருக்கினால் 1,23,840. நூற்றறுபது டாலர் காணாமல் போனது. பணத்தைவிடப் பெரிய தலைவலி, எல்.சி.யில், அதாவது பணத்துக்கு பையரின் வங்கி தரும் உத்தரவாதக் கடிதத்தில், ஒரு தொகையும் இன்வாய்ஸில் ஒரு தொகையும் இருந்தால் வங்கி டிஸ்க்ரிபன்சி, அதாவது முரண்பாடு, என்று தாளைத் திருப்பிவிடும். எந்த யூனிட்டில் விலை பேசினீர்களோ அதே யூனிட்டில் இன்வாய்ஸ் போடுங்கள். பீஸ் விலை கேட்டால் பக்கத்தில் குறிப்பாக எழுதுங்கள், பெருக்குவதற்கு அதை எடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. 50,000 பீஸ் என்பது எத்தனை டஜன்? 4,166 டஜன் போக எட்டு பீஸ் மீதி. இந்த மீதியை எழுதுவதில் ஆளுக்கு ஒரு பழக்கம். பத்து டஜனும் ஆறு பீஸும் என்பதைப் பழைய ஆட்கள் '10-6' என்று கோடு போட்டு எழுதுவார்கள், கட்டிங் மாஸ்டர் நோட்டில் அது '10.6' என்று புள்ளியாக மாறியிருக்கும். அந்தப் புள்ளியை அப்படியே எக்செலில் அடித்தால் தொலைந்தது. பத்து டஜன் ஆறு பீஸ் என்றால் 126 பீஸ், தசமத்தில் அது 10.5. எக்செலுக்கு 10.6 என்றால் 127.2 பீஸ், அதாவது இல்லாத ஒரு பீஸும் கொஞ்சம் துணியும். பத்து டஜன் பதினோரு பீஸை '10.11' என்று அடித்தால் இன்னும் மோசம்: 131 இருக்க வேண்டிய இடத்தில் 121 சொச்சம் வரும். '10.10' என்று அடித்துப் பாருங்கள், எக்செல் கடைசிச் சுழியைத் தின்றுவிட்டு 10.1 என்று காட்டும், பார்ப்பவர் பத்து டஜன் ஒரு பீஸ் என்று படிப்பார். ஷீட்டில் டஜனுக்கு ஒரு கட்டம், மீதி பீஸுக்குத் தனியாக ஒரு கட்டம் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. மெயிலில் 'டென் டஜன் அண்ட் சிக்ஸ் பீசஸ்' என்று முழுசாக எழுதுங்கள், யாரும் நேரம் போகிறது என்று கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எதன் டஜன் என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சாக்ஸில் ஒரு டஜன் என்றால் பன்னிரண்டு ஜோடி, ஆக இருபத்துநாலு சாக்ஸ், அதனால்தான் 'டஜன் பேர்ஸ்' என்று எழுதுவார்கள். மூன்று ஜட்டி அடங்கிய பேக் ஒரு டஜன் என்றால் முப்பத்தாறு பீஸ். 'சாலிட் டஜன்' என்றால் பன்னிரண்டும் ஒரே நிறம் ஒரே சைஸ். 'அசார்டட் டஜன்' என்றால் கலந்தது, எஸ், எம், எல், எக்ஸ்எல் வரிசையில் 2-4-4-2 என்று ரேஷியோ கொடுத்திருப்பார்கள், கூட்டினால் பன்னிரண்டு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டஜனுக்கு ஒரு அண்ணன் உண்டு, குரோஸ். பன்னிரண்டு டஜன், அதாவது 144. பட்டன் வாங்கும் இடத்தில் இதை விடாமல் கேட்பீர்கள். பன்னிரண்டு குரோஸ் சேர்ந்தால் கிரேட் குரோஸ், 1,728. ஆங்கிலேயர் காலத்தில் தீப்பெட்டிக்குப் போட்ட வரிகூட ஒரு குரோஸ் பெட்டிக்கு இத்தனை என்றுதான். டஜன் மாதிரியே இதற்கும் எண்ணுக்குப் பின்னால் எஸ் கிடையாது, 'ஃபைவ் குரோஸ்'. ஆனால் 'எ குரோஸ் ஆஃப் பட்டன்ஸ்' என்று இதற்கு 'ஆஃப்' போடுவார்கள், அண்ணன் தம்பி என்றாலும் குணம் ஒன்றில்லை. குரோஸ் வெயிட், குரோஸ் சாலரி என்பதில் வருகிற குரோஸுக்கு 'கழிவு போகாத மொத்தம்' என்று பொருள், எழுத்து ஒன்றே என்றாலும் அதற்கும் 144-க்கும் சம்பந்தம் இல்லை. பேக்கிங் லிஸ்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வரும், அதனால் சொல்கிறேன்.

நம் ஜி.எஸ்.டி. அளவைப் பட்டியலிலும் இந்த மூன்றுக்கும் குறியீடு இருக்கிறது. டஜனுக்கு டி-ஓ-இசட், குரோஸுக்கு ஜி-ஆர்-எஸ், கிரேட் குரோஸுக்கு ஜி-ஜி-கே. சரக்கு வண்டியோடு போகிற இ-வே பில் போடும்போது பீஸுக்கான பி-சி-எஸ் என்று பழக்கதோஷத்தில் அடித்துவிட்டுப் பக்கத்தில் டஜன் எண்ணிக்கையைக் கொடுத்தால் வண்டியில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாது.

ஏன் பத்து இல்லாமல் பன்னிரண்டு?

இது படி இல்லை, ஒரு சின்ன ஒதுக்கம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும் மட்டும்தான் மிச்சமில்லாமல் பங்கு போட முடியும். பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். பெட்டியில் அடுக்கவும் வசதி, மூன்றுக்கு நான்காகவும் வரும், இரண்டுக்கு ஆறாகவும் வரும்.

அதைவிடப் பெரிய காரணம் காசு என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 வரை ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். ஒரு டஜன் ஐந்து ஷில்லிங் என்றால் ஒன்று ஐந்து பென்ஸ், ஏழு ஷில்லிங் என்றால் ஏழு பென்ஸ், வகுத்தலே வேண்டாம். நம் அணாக் காலத்திலும் இதே சுகம் இருந்தது: ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி, அதனால் டஜன் மூன்றணா என்றால் ஒன்று மூன்று தம்பிடி, அதாவது காலணா. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்து ரூபாய் நூறாகப் பிரிந்த பிறகு இந்த வசதி போய்விட்டது. டஜன் மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது, அதன் பலனாகத்தான் நாம் 2.5833 என்று கஷ்டப்படுகிறோம்.

ஆறாம் படி: பதின்மூன்றாக இருக்கும் டஜன்

'பேக்கர்ஸ் டஜன்' என்றால் பதின்மூன்று. ரொட்டி சுடுபவர் பன்னிரண்டு கேட்டால் பதின்மூன்று கொடுத்த கதை. இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், ரொட்டியின் எடையையும் விலையையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. எடை குறைத்து விற்று மாட்டினால் அபராதம், அதற்கும் மேலே போனால் ஊர் நடுவில் மரக்கட்டையில் மாட்டி நிறுத்துவார்கள். அடுப்பில் சுடுகிற ரொட்டி ஒவ்வொன்றும் ஒரே எடையில் வராது, அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றைக் கூடப் போட்டார்கள் என்பது ஒரு விளக்கம். ரொட்டியை வாங்கித் தெருவில் விற்பவருக்கு லாபமாக அந்தப் பதின்மூன்றாவது கிடைத்தது என்பது இன்னொன்று. நம் ஊர்க் காய்கறிக்காரம்மா கொசுறாகக் கறிவேப்பிலை வைக்கிறாரே, அந்த வகை.

யாராவது சிரித்துக்கொண்டே 'எ பேக்கர்ஸ் டஜன் ரீசன்ஸ்' என்று எழுதியிருந்தால் பதின்மூன்று காரணங்கள் என்று புரிந்துகொண்டால் போதும். நீங்களாக அதை ஆர்டரில் எழுத வேண்டாம். இதே பதின்மூன்றை 'டெவில்ஸ் டஜன்' என்றும், 'லாங் டஜன்' என்றும் சொல்வதுண்டு, அபூர்வமாகக் கண்ணில் படும்.

கடைசியாகச் சில வழக்குகள்

இவற்றில் பன்னிரண்டைத் தேடக் கூடாது. 'எ டைம் எ டஜன்' அமெரிக்க வழக்கு. டைம் என்பது அங்கே பத்து சென்ட் நாணயம், நேரம் இல்லை, எழுத்தும் வேறு. பத்து சென்ட்டுக்கு ஒரு டஜன் கிடைக்கிற பொருள் என்றால் மதிப்பு எவ்வளவு இருக்கும்? 'தெருவுக்குத் தெரு கிடைக்கும்' என்கிற பொருளில் இளக்காரமாகச் சொல்வது. பிரிட்டனில் இதையே 'டென் எ பென்னி' என்பார்கள். ஒருவருடைய டிசைனைப் பற்றி இப்படிச் சொல்லிவிடாதீர்கள், அது பாராட்டு இல்லை.

'சிக்ஸ் ஆஃப் ஒன் அண்ட் ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்' என்பது நீளமாக இருந்தாலும் வேலைக்கு உதவும். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் அரை டஜன், இரண்டும் ஒன்றுதான், எதை எடுத்தாலும் வித்தியாசம் இல்லை. கப்பலை எந்த வாரம் பிடிக்கலாம் என்று கேட்டதற்கு பையர் இப்படிப் பதில் எழுதினால் முடிவை உங்களிடமே விட்டுவிட்டார் என்று அர்த்தம். இருவர் சண்டையில் இருவர் மேலும் தப்பு என்று சொல்லவும் இதைப் பயன்படுத்துவார்கள்.

'டாக் நைன்டீன் டு த டஜன்' பிரிட்டிஷ் வழக்கு, மூச்சு விடாமல் பேசுவது. மற்றவர் பன்னிரண்டு வார்த்தை பேசும் நேரத்தில் இவர் பத்தொன்பது பேசுகிறார். 'பை த டஜன்' என்றால் டஜன் கணக்கில், மொத்தமாக. 'சோல்ட் பை த டஜன்' என்று கடையில் எழுதியிருந்தால் ஒன்று இரண்டாகக் கேட்டு நிற்காதீர்கள். மனிதர்களைப் பற்றி 'தே கேம் பை த டஜன்' என்றால் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

'டர்ட்டி டஜன்' என்று ஏதாவது பட்டியலுக்குப் பெயர் வைத்திருந்தால் அதில் உண்மையிலேயே பன்னிரண்டு இருக்க வாய்ப்பு அதிகம். 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் முதலில் இடம்பெற்ற பன்னிரண்டு நச்சு வேதிப்பொருள்களை அப்படித்தான் அழைத்தார்கள், டி.டி.டி.யும் அதில் ஒன்று. பின்னால் பட்டியல் நீண்டுவிட்டது.

'ஃபார் த டஜன்த் டைம்' என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாவது தடவை என்று நேர்ப்பொருள், 'எத்தனை தடவைதான் சொல்வது' என்பது உள்பொருள். பையரிடமிருந்து வரும் மெயிலில் இது இருந்தால் அவர் எரிச்சலில் இருக்கிறார், மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கு முதலில் பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதும் மெயிலில் இது வேண்டாம், உண்மையிலேயே பன்னிரண்டு தடவை கேட்டிருந்தாலும்.